காக்கை கறுப்பா? பெசன்ட் நகர் மழலையரின் நிறக்கல்வி பற்றி ஒரு பூர்வாங்க ஆய்வு

நிறம் பற்றி உலகம் நிறையவே எழுதித் தள்ளிவிட்டது. 1704ல் வெளிவந்த 'ஆப்டிக்ஸ்' நூலில் நியூட்டன் வானவில்லை ஏழாகப் பங்கு போட்டார். முதலில் ஐந்தோடு நிறுத்தியிருந்தவர், ஏழு சுரங்களோடு கணக்கு ஒத்துப்போக ஆரஞ்சையும் கருநீலத்தையும் பிறகு உள்ளே விட்டார். அவரை மறுத்து 1810ல் கதே தடிமனாக ஒரு புத்தகம் போட்டார். இருவரும் மேதைகள்தாம். ஆனால் எலியட்ஸ் பீச்சில் மாலை ஐந்தரை மணிக்கு, ஒரு கையில் பலூனும் மறு கையில் பாதி தின்ற சோளமுமாக நிற்கும் இரண்டரை வயதுக் குழந்தையிடம் "கண்ணா, கடல் என்ன கலர் சொல்லு?" என்று கேட்டால் என்ன ஆகும் என்பது பற்றி இருவருமே ஒரு வரி எழுதவில்லை. புலமை உலகின் இந்தக் குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை.

மரபுப்படி முதலில் வரையறைகள். 'ஆய்வாளர்' என்பது ஒன்றரை முதல் மூன்றரை வயது வரையுள்ள, கழற்றிய செருப்பைத் திரும்பப் போட மறுக்கும் நபரைக் குறிக்கும். 'நெறியாளர்' பெரும்பாலும் தாத்தா. சில நாள் பாட்டி. 'புறத்தேர்வாளர்' என்பது அலுவலகத்திலிருந்து நேரே கடற்கரைக்கு வந்து, "இன்னிக்கு என்ன கலர் கத்துக்கிட்ட?" என்று கேட்கும் அம்மா. ஆய்வுக்கு யு.ஜி.சி. நிதி எதுவும் பெறப்படவில்லை. ஐஸ்கிரீம் வகையறாச் செலவுகள் நெறியாளரின் பென்ஷனில் கழிந்தன. மாதிரி அளவு, சராசரி, திட்டவிலக்கம் எங்கே என்று கேட்கும் கறாரான வாசகர்களுக்கு ஒரு தகவல்: ஆய்வாளர்கள் எண்ணி முடிக்கும்வரை ஓரிடத்தில் நிற்பதில்லை.

களமாகப் பெசன்ட் நகர் தேர்வானதற்குக் காரணம் உண்டு. வடக்கே அடையாற்று முகத்துவாரம், கிழக்கே வங்கக் கடல், தெற்கே கலாக்ஷேத்ராவின் மரங்கள், நடுவில் வீட்டுவசதி வாரியம் கோடு போட்டுப் பிரித்த அவென்யூக்கள், அவற்றின் இருபுறமும் நிழல் என ஆய்வுக்கு வேண்டிய அத்தனையும் நடந்துபோகும் தூரத்தில் கிடைக்கின்றன. அதைவிட வலுவான காரணம் பேட்டையின் பெயர். அன்னி பெசன்ட் அம்மையாரைத் தன்னாட்சி இயக்கத் தலைவராகவே நாம் அறிவோம். அவர் சி.டபிள்யூ. லெட்பீட்டரோடு சேர்ந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'தாட் ஃபார்ம்ஸ்' என்றொரு நூல் வெளியிட்டார். மனிதரின் எண்ணங்களுக்கு வடிவமும் நிறமும் உண்டு என்பது அதன் வாதம். எந்த எண்ணத்துக்கு எந்த நிறம் என்று விளக்க 25 கட்டங்கள் கொண்ட ஒரு வண்ண அட்டவணையும் அதில் இருக்கிறது. கோபத்துக்குச் சிவப்பு, பக்திக்கு நீலம், அறிவுக்கு மஞ்சள், பாசத்துக்கு ரோஜா, சோர்வுக்குச் சாம்பல், வன்மத்துக்குக் கறுப்பு. ஓவியர் கான்டின்ஸ்கி படித்துக் கிறங்கிய நூல் அது. நிற அட்டவணை போட்டவர் பெயரையே பேட்டைக்கு வைத்திருக்கும்போது, இந்த ஆய்வை அண்ணா நகரில் நடத்துவது முறையாகாது. செருப்பை மாட்டிவிட முயலும்போது ஆய்வாளரின் முகம் அம்மையாரின் அட்டவணைப்படியே நிறம் மாறுவதையும் இங்கே பதிவு செய்யலாம்.

நிறக்கல்விக்கென்றே பிறந்த இன்னொருவரும் இந்த வட்டாரத்தில் குடியிருந்திருக்கிறார். பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று 1939ல், 69ஆவது வயதில், மரியா மாண்டிசோரி மகன் மரியோவுடன் அடையாறு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். மறு ஆண்டு ஜூனில் இத்தாலி போரில் குதித்ததும் இருவரும் எதிரி நாட்டுப் பிரஜைகள் ஆகிப்போனார்கள். மரியோவைப் பிடித்து முகாமில் வைத்தது அரசு. ஆகஸ்ட் 31 அன்று அம்மையாருக்கு 70 வயது நிறைந்தபோது, பிறந்தநாள் பரிசுபோல மகனை விடுவித்தது. மாண்டிசோரி இந்தியாவை விட்டுக் கிளம்ப 1946 ஆகிவிட்டது.

மாண்டிசோரி வகுப்பில் நிறம் கற்பிக்க மூன்று பெட்டிகள் உண்டு. முதற்பெட்டியில் சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்று ஜோடித் தகடுகள். இரண்டாவதில் பதினோரு ஜோடி. மூன்றாவதில் ஒன்பது நிறங்கள், ஒவ்வொன்றிலும் அடர்த்தியிலிருந்து வெளிர்வரை ஏழு படிகள், ஆக 63 தகடுகள். தொடக்க காலத்தில் பட்டு நூல் சுற்றித்தான் இவற்றைச் செய்தார்கள். எல்லாத் தகடும் ஒரே அளவு, ஒரே எடை, ஒரே வடிவம். வேறுபடுவது நிறம் மட்டும். குழந்தையின் கவனம் வேறெங்கும் சிதறக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. அருமையான ஏற்பாடு என்பதில் இக்கட்டுரைக்கு ஐயமில்லை. அந்தப் பெட்டியை மூடி வைத்துவிட்டுத் தெருவில் இறங்கினால் என்ன ஆகிறது என்பதே இங்கு ஆராயப்படுவது. இறங்கினால் எதுவும் தகடு மாதிரி நடந்துகொள்வதில்லை. சுவரில் தொங்கும் சார்ட்டில் ஒரு பொருளுக்கு ஒரு நிறம். பெசன்ட் நகரிலோ அப்படி ஒழுங்காக நிற்கும் பொருள் ஒன்றுகூட அகப்படவில்லை.

வெளியில் போய்ப் பூப்பறித்து நிறம் பார்க்கும் வழக்கம் மேலை நாட்டு மழலையர் பள்ளிகளின் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் குறிஞ்சிப்பாட்டைப் புரட்டலாம். தினைப்புனம் காக்கப் போன தலைவியும் தோழியும் அருவியாடி, 99 வகைப் பூக்களைப் பறித்துப் பாறைமேல் குவிக்கிறார்கள். கபிலர் வரிசையாகப் பெயர் சொல்கிறார். களப்பணி, சேகரிப்பு, ஆவணப்படுத்தல் மூன்றும் பழுதில்லாமல் நடந்திருக்கின்றன. ஆய்வாளர்களின் வயதுதான் நமது வரம்பை மீறுகிறது; காதலும் குறுக்கிட்டுவிடுகிறது.

இனிக் காக்கை.

தமிழ்க் குழந்தைக்குக் கறுப்பைக் கற்றுக்கொடுப்பது காக்கைதான். அம்மா இடுப்பில் உட்கார்ந்து பருப்புச் சாதம் சாப்பிடும் காலத்திலேயே காக்காப் பாட்டோடு பாடம் தொடங்கிவிடுகிறது. ஆனால் பெசன்ட் நகரில் சுண்டல் பொட்டலத்தைக் குறிவைத்து மதில்மேல் உட்காரும் ஊர்க்காக்கையை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். தலை கறுப்பு, இறக்கை கறுப்பு, கழுத்தும் மார்பும் சாம்பல். முழுக் கறுப்பு அண்டங்காக்கைக்கு மட்டுமே உரியது. ஆகவே "காக்கா என்ன கலர்?" என்ற கேள்விக்கு ஆய்வாளர் சற்றுத் தயங்கி "க்ரே" என்றால், நெறியாளர் உடனே "இல்ல கண்ணா, ப்ளாக்கு" என்று திருத்துவது பறவையியலின்படி தவறு. குழந்தை பறவையைப் பார்த்துப் பதில் சொல்கிறது. தாத்தா பாட்டை நினைத்துப் பதில் சொல்கிறார்.

தயக்கத்துக்கு வேறு காரணமும் உண்டு. மூன்று நான்கு மாதக் கைக்குழந்தையின் கண்ணே நிறங்களைப் பிரித்தறியத் தொடங்கிவிடுகிறது. பெயர் வந்து சேர்வதற்குத்தான் வருடக்கணக்கில் ஆகிறது. இடையில் ஒரு விசித்திரப் பருவம் வரும். "என்ன கலர்?" என்றால் ஒரு நிறத்தின் பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்று குழந்தைக்குத் தெரிந்திருக்கும், எந்தப் பெயர் என்பதில்தான் கட்சி மாறிக்கொண்டே இருக்கும். இந்தப் பருவத்தில் சில ஆய்வாளர்கள் எதற்கும் "எல்லோ" என்று ஒரே பதில் சொல்லி நாட்களைக் கடத்துவார்கள். சார்லஸ் டார்வினே இதில் மிரண்டுபோனவர். வீட்டிலுள்ள பொருள்களின் பெயரையெல்லாம் ஒப்பிக்கும் தம் பிள்ளைகள் நிறம் கேட்டால் மட்டும் திணறுவதைக் கண்டு, நிறக்குருடோ என்று பயந்து, பிறகு வீண் பயம் என்று தெளிந்து, அதை 1877ல் ஒரு ஜெர்மன் இதழில் எழுதியும் வைத்தார். பிரான்சில் ஆல்ஃப்ரெட் பினே அறிவுத்திறன் சோதனை வகுத்தபோது நான்கு நிறங்களுக்குப் பெயர் சொல்வதை ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு உரிய வேலையாக வைத்திருந்தார். இன்று ப்ரீ-கேஜியில் சேருமுன்பே எட்டு நிறம் சொல்லவில்லை என்று கவலைப்படும் பெற்றோர் பினேயை நினைத்து இரண்டு வாய் காப்பி குடிக்கலாம்.

கேட்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. மைக்கேல் ராம்ஸ்கரும் உடன் ஆய்ந்தவர்களும் 2010ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு நிறப்பெயர் கற்பித்துப் பார்த்தது. நிறத்தை முதலில் சொல்லிப் பொருளைப் பின்னால் சொன்னபோது குழந்தைகளிடம் முன்னேற்றம் தெரியவில்லை. பொருளை முதலில் காட்டி, நிறத்தைப் பின்னால் சொன்னபோது தெரிந்தது. பெசன்ட் நகருக்குப் பொருத்திச் சொன்னால், "சிவப்பு பலூன் பாரு" என்பதைவிட "பலூன் பாரு, சிவப்பா இருக்கு" என்பது பலிக்கும். கண் முதலில் பலூனைப் பிடித்துக்கொள்கிறது; அதற்குப்பின் வரும் சொல் அதன் எந்தக் குணத்தைச் சொல்கிறது என்று தேட அவகாசம் கிடைக்கிறது. தாத்தாக்கள் பலர் இதை ராம்ஸ்கருக்கு முன்பே செய்துவந்தார்கள் என்றாலும், அவர்கள் கட்டுரையாக்கி அனுப்பவில்லை.

கருவிகளைப் பொறுத்தவரை ஆய்வு சிக்கனமானது. பொறுக்கியதைப் போட ஒரு கொட்டாங்குச்சி அல்லது பழைய முட்டை அட்டை. ஒவ்வொரு குழியும் ஒரு நிறத்துக்கு. மணிக்கட்டில் பிசின் பக்கம் வெளியே தெரியும்படி சுற்றிய அகல டேப், அதில் உதிர்ந்த பூவிதழ்களை ஒட்டிக்கொண்டே போகலாம். பரிசுப்பொருள் சுற்றும் கலர் ஜெலட்டின் தாள் ஒரு துண்டு, கண்ணுக்கு நேரே பிடித்து உலகத்தையே பச்சையாக்கிப் பார்க்க. எல்லாவற்றிலும் மேலான கருவி பெயின்ட் கடையில் கேட்டால் கொடுக்கும் ஷேட் கார்டு. அதில் ஒரு கட்டத்தைக் காட்டி "இதே மாதிரி இலை கொண்டு வா" என்று அனுப்பினால் அரைமணி நேரம் நெறியாளர் பெஞ்சில் நிம்மதியாக உட்காரலாம். உதிர்ந்ததை மட்டுமே எடுக்க வேண்டும், செடியில் கைவைக்கக் கூடாது என்பது ஆய்வு நெறிமுறை. அதைக் கண்காணிக்க நிம்மதியாக உட்கார முடியாது என்பது அதன் குறைபாடு.

ஷேட் கார்டை நம்பி முதலில் கையிலெடுக்கப்பட்ட கருதுகோள் 'இலை பச்சை' என்பது. அரசமரத்தடியில் அது முதல் நாளே அடிவாங்கியது. அரசந்தளிர் செம்பும் ரோஜாவும் கலந்து பளபளக்கிறது. மாந்தளிரும் வேப்பந்தளிரும் அப்படித்தான். இளம் இலையில் அந்தோசயனின் என்னும் செந்நிறமி தங்கியிருப்பதும், பச்சையம் முழுதாகச் சேர நாளாவதும் காரணம். மறுமுனையில் நாட்டு வாதுமை. வாதாங்கொட்டை உடைத்துத் தின்ற தலைமுறைக்கு அந்த மரத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. உதிரும் முன் அதன் இலை மஞ்சளாகி, ஆரஞ்சாகி, நல்ல ரத்தச் சிவப்பாகிறது. இலையுதிர் காலமென்றால் வெளிநாடு போக வேண்டும் என்று நினைக்கும் சென்னைவாசிகளின் காலடியிலேயே அது கிடக்கிறது. முட்டை அட்டையில் பச்சைக்கு ஒதுக்கிய குழி காலியாகவும் மற்ற ஐந்து குழிகள் இலைகளாலேயே நிரம்பியும் திரும்பிய ஆய்வாளர்கள் உண்டு.

பூவரசு இன்னும் பொல்லாதது. கடற்கரையோரம் தானாக வளரும் மரம். இலையைச் சுருட்டினால் பீப்பீ. அதன் பூ மலரும்போது எலுமிச்சை மஞ்சளாக, அடியில் அரக்கு நிறக் கண்ணோடு இருக்கும். பொழுது சாயச் சாய இதழில் ஆரஞ்சு ஏறி, வாடும்போது ஒருவகைக் கருஞ்சிவப்புக்குப் போய்விடும். காலையில் பால் வாங்கப் போகும்போது பாட்டி "மஞ்சப் பூ" என்று சொல்லிக்கொடுத்தார். மாலையில் அதே மரத்தடியில் தாத்தா "சிவப்புப் பூ" என்றார். இருவரில் ஒருவர் தவறு என்று ஆய்வாளர் முடிவுகட்டவில்லை. பூவை வாயில் போட்டுச் சரிபார்க்க முயன்றார்.

நேரத்தின் முக்கியத்துவத்துக்கு அடும்பும் சாட்சி. முகத்துவாரத்தில் நிற்கும் உடைந்த பாலத்துப் பக்கம், மணலில் படர்ந்து, ஆட்டுக்குளம்பு போன்ற இலையோடு கிடக்கும் கொடி. நெய்தல் பாடல்களில் இடம்பிடித்த பழைய குடும்பம். அதன் கத்திரிப்பூ நிறப் புனல்பூ காலையில் விரிந்து வெயில் ஏறினால் சுருண்டுகொள்ளும். ஐந்தரை மணி ஷிஃப்டுக்கு வருகிறவர்களுக்கு அந்த நிறம் கிடையாது.

கடலுக்கு வருவோம். சார்ட்டில் கடல் நீலம். எலியட்ஸில் அது பல நாள் பாசிப்பச்சை, சில நாள் ஈயச் சாம்பல், வடகிழக்குப் பருவமழையில் அடையாறு பெருகி முகத்துவாரம் திறந்துகொண்டால் டீ நிறம். இந்தக் கேள்வியைத் தீர்க்க ஒரு நோபல்காரரையே அழைக்கலாம், அவரும் மெரினாவைப் பார்த்த பிரசிடென்சி கல்லூரி மாணவர்தான். 1921ல் இங்கிலாந்திலிருந்து எஸ்.எஸ். நர்குண்டா கப்பலில் திரும்பிய சி.வி. ராமன், கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்று ராலே பிரபு சொன்னதை ஏற்கவில்லை. நிக்கோல் பட்டகம் ஒன்றின் வழியே, மேற்பரப்பின் பிரதிபலிப்பை அணைத்துவிட்டுப் பார்த்தார். நீலம் மங்கவில்லை, இன்னும் தெளிந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று எழுதி அனுப்பினார்; அவ்வாண்டு நவம்பரில் 'நேச்சர்' அதை வெளியிட்டது. ஆழ்கடலுக்கு அந்த விளக்கம். கரையோரத்தில் வண்டலும் நுண்பாசியும் கலந்து வேறு கணக்குப் போடுகின்றன. கப்பலின் மேல்தளத்தில் ஒருவர் கண்ணுக்கு முன்னால் பட்டகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதற்கும், மணலில் ஒருவர் ஜெலட்டின் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கும் முறையியல் அளவில் வேறுபாடு குறைவு என்பது இக்கட்டுரையின் துணிபு. "கடல் என்ன கலர்?" என்றதற்கு "ப்ரவுன்" என்ற ஆய்வாளருக்கு அன்று பலூன் மறுக்கப்பட்டது அநியாயம்.

ராமனின் நிழல் மீன்கொத்திமீதும் விழுகிறது. முகத்துவாரப் பக்கம் மின்கம்பியில் உட்காரும் வெண்மார்பு மீன்கொத்தியின் முதுகில் நீல நிறமி கிடையாது; இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடித்து நீலமாகக் காட்டுகிறது. பனங்காடையின் இறகை வைத்து ராமன் 1930களில் ஆராய்ந்ததும் இதே வகை நீலத்தைத்தான்.

நீலத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். இந்த இடத்தில் கட்டுரை கேலியை ஓரம் வைக்கிறது. இக்கரையில் கண்ணைப் பறிக்கும் நீலத்தில் ஒதுங்குபவை பலவும் கொட்டுபவை. நடுவில் சட்டைப் பொத்தானும் சுற்றிலும் நீலக் குஞ்சமுமாகக் கிடக்கும் போர்ப்பிட்டா, காற்றடைத்த நீலப் பைபோல மினுங்கும் ஃபிசாலியா ஆகியவை சொறி மீன்களின் உறவினர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கடந்தபின் பெசன்ட் நகர் கரையில் நீல டிராகன் என்னும் குட்டிக் கடல் நத்தைகளும் ஒதுங்கின. விரல் நீளம்கூட இல்லாத அவை ஃபிசாலியாவைத் தின்று, அதன் கொட்டும் செல்களைத் தம் உடம்பிலேயே சேமித்து வைத்துக்கொள்பவை. இவை எல்லாம் நடுக்கடலில் நீர்ப்பரப்போடு மிதப்பவை. மேலிருந்து பார்க்கும் பறவைக்குக் கடலோடு கடலாகத் தெரிவதற்கே அந்த நீலம். மணலுக்கு வந்ததும் அந்த மறைவே விளம்பரமாகி, குழந்தையின் கையைக் கூப்பிடுகிறது. மணலில் நீலம் கண்டால் பார்க்கலாம், தொடக்கூடாது. இந்தப் பேட்டையின் கரையில் இயற்கை நடைகள் நடத்திவரும் யுவன் ஏவ்ஸ் போன்றவர்களோடு ஒருமுறை நடந்தால், எதைக் கையில் எடுக்கலாம், எதைக் குனிந்து பார்த்தால் போதும் என்பது பெற்றோருக்கும் பிடிபடும்.

இளஞ்சிவப்புக்கு வந்த சோதனை அரசு ஆணை வழியாக வந்தது. பல தலைமுறைகளாக அந்த நிறத்தின் உரைகல் பஞ்சுமிட்டாய். 2024 பிப்ரவரியில் மாதிரிகளைச் சோதித்தபோது ரோடமின்-பி என்னும் துணிச்சாயம் அதில் இருப்பது உறுதியாகி, அம்மாதம் 17ஆம் தேதி தமிழ்நாடு அரசு அதன் விற்பனைக்குத் தடை விதித்தது. குச்சியில் கட்டிய பிங்க் மேகங்கள் கரையிலிருந்து மறைந்தன. மாற்றாகத் தூங்குமூஞ்சி மரத்தின் உதிர்ந்த பூவை நெறியாளர்கள் முயன்று பார்க்கலாம். பவுடர் தட்டும் பஞ்சு மாதிரி, நுனியில் இளஞ்சிவப்பாக, செலவில்லாமல் கிடைக்கிறது. தின்ன முடியாது என்பதே ஆய்வாளர்கள் தரப்பு ஆட்சேபம்.

மீனவர் குடியிருப்பான ஊரூர் குப்பத்தில் இந்தப் பாடமெல்லாம் தனியாக நடத்தப்படுவதில்லை. வலை உதறும் இடத்தில் தவழ்ந்து வளரும் குழந்தைக்குச் சிவப்பு என்றால் சங்கரா, வெள்ளி என்றால் நெத்திலி. பலகையில் நீலக்கால் நண்டு கிடக்கும். ஆண் நண்டின் கால்களில் மயில் கழுத்து நீலம். அதே நண்டு குழம்பில் கொதித்து வரும்போது ஆரஞ்சுச் சிவப்பு. அஸ்டாசாந்தின் என்னும் செந்நிறமியை ஒரு புரதம் இறுகக் கட்டிப்பிடித்திருக்கும் வரையில் ஓடு நீலமாகத் தெரிகிறது. சூட்டில் புரதம் குலைந்ததும் உள்ளிருந்த சிவப்பு வெளியே வருகிறது. இரவல் உதாரணம் ஒன்றும் தேவைப்படாத வேதியியல். சைவக் குடும்பத்து ஆய்வாளர்களுக்கு இந்த இயலில் விலக்கு அளிக்கப்படுகிறது. அவர்களுக்கு ஈடாகப் பின்னால் ஆரத்தி இருக்கிறது.

பாட்டிகள் நெறியாளராக இருக்கும் நாட்களில் ஆய்வின் கலைச்சொற்களே மாறிவிடுகின்றன. ப்ளூ, கிரீன், பர்ப்பிள் என்னும் பிளே ஸ்கூல் அட்டவணையைப் பாட்டிகள் அங்கீகரிப்பதில்லை. தி.நகர் பட்டுக்கடைகளில் ஐம்பது வருடம் அலைந்து திரட்டிய அட்டவணை ஒன்று அவர்களிடம் இருக்கிறது. கிளிப்பச்சை, ராமர் பச்சை, பாசிப்பச்சை, மாம்பழ மஞ்சள், வெங்காயக் கலர், அரக்கு, காப்பிப் பொடி, மயில் கழுத்து. எம்.எஸ். ப்ளூ என்று ஒரு நீலமே ஒரு பாடகியின் பெயரில் ஓடுகிறது. இதில் பாதிக்குமேல் தோட்டத்திலும் அடுப்படியிலும் கிடைக்கும் பொருள்களின் பெயர்கள் என்பதால், குழந்தைக்குக் காட்ட அத்தாட்சி கைவசம் இருக்கிறது. கிளிப்பச்சை வேண்டுமென்றால் அண்ணாந்து பார்த்தால் போதும், மாலையில் அவை கத்திக்கொண்டே போகும். மாண்டிசோரியின் 63 தகடுகளுக்குக் குறையாத நுட்பம் இது என்று கருத இடமுண்டு. ஒரே சிக்கல், ப்ளே ஸ்கூலில் மிஸ் ஊதா அட்டையைத் தூக்கிக் காட்டும்போது குழந்தை "கத்திரிக்கா" என்று பதில் சொல்வது. மிஸ் அதைக் காய்கறி வகுப்பில் சேர்த்துக்கொள்கிறார்.

இரவுக் களப்பணி பற்றிச் சிறு குறிப்பு. பங்குனி ஆமைகள் ஜனவரி முதல் முட்டையிடக் கரையேறும். 1988லிருந்து மாணவர் அமைப்பான எஸ்.எஸ்.டி.சி.என். தன்னார்வலர்கள் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காக்கிறார்கள். பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடும் அந்திவேளைகளில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம் கூடும். குஞ்சு கருஞ்சாம்பல் நிறம். ஆனால் அந்த நேரத்தில் எல்லாமே கருஞ்சாம்பலாகத்தான் தெரியும். வெளிச்சம் மங்கும்போது கண்ணுக்கு முதலில் கைவிட்டுப் போவது சிவப்பு, நீலப் பக்கம் சற்றுத் தாக்குப் பிடிக்கும். பூர்கின்யே என்னும் செக் நாட்டு அறிஞர் பெயரால் இந்த விளைவு அறியப்படுகிறது. பகலில் பளீரென்றிருந்த தன் சிவப்புச் சட்டையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று அழுத ஆய்வாளரைப் பூர்கின்யே புரிந்துகொண்டிருப்பார். 2019 ஆகஸ்டில் ஓரிரவு சென்னைக் கரையோரம் அலைகள் நீலமாக ஒளிர்ந்ததும் இருட்டில்தான். நாக்டிலூக்கா என்னும் நுண்ணுயிர், அலை அடித்துக் கலக்கும்போது நீல ஒளி விடும். பெரியவர்கள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆய்வாளர்கள் தூங்கிப்போயிருந்தார்கள்.

இனி வாக்களித்த ஆரத்தி. வெளியூர் போய்த் திரும்பிய குழந்தைக்கு வாசலில் சுற்றுவதற்காகத் தட்டில் மஞ்சள்பொடி கரைக்கிறார் பாட்டி. மஞ்சள். ஒரு துளிச் சுண்ணாம்பு சேர்க்கிறார். சிவப்பு. காரம் பட்டதும் மஞ்சளிலுள்ள குர்குமின் நிறம் மாறுகிறது. எலுமிச்சை பிழிந்தால் திரும்பவும் மஞ்சளுக்கு வந்துவிடும். சங்குப்பூவை ஊறவைத்த நீல நீர் எலுமிச்சைச் சாற்றில் ஊதாவாகிறது. மருதாணியோ பச்சையாக அரைபட்டு, பச்சையாகவே கையில் அப்பப்பட்டு, மறுநாள் செக்கச்செவேல் என்று எழுந்து வருகிறது. இவற்றைத் திண்ணையிலோ பால்கனியிலோ செய்யலாம். ஆரத்தித் தட்டில் எலுமிச்சை பிழிய மட்டும் பாட்டிகள் அனுமதிப்பதில்லை. திருஷ்டி விஷயத்தில் மறுசோதனைக்கு இடமில்லையாம்.

ஆய்வின் வரம்புகள் சிலவற்றை ஒப்புக்கொள்வது முறை. அக்டோபர் நடுவில் மழை பிடித்துக்கொண்டால் களப்பணி நின்றுவிடுகிறது. தரவுகளில் ஒரு பகுதி ஆய்வாளர்களால் உட்கொள்ளப்பட்டது, மணல் உட்பட. சித்திரையில் சரக்கொன்றை பூத்தபோது மஞ்சளுக்கான இயல் எழுதப்பட வேண்டும் என்று திட்டமிட்டிருந்தும், பூக்கள் கொட்டிக் கிடந்த நடைபாதையில் ஆய்வாளர் படுத்துப் புரண்டுவிட்டதால் குறிப்பெடுக்க முடியவில்லை.

ஆரஞ்சு நிறமும் நிலுவையில் இருக்கிறது. எருக்கஞ்செடியைச் சுற்றும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி அதற்குச் சிறந்த மாதிரி. ஆனால் எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் செடியிலிருந்து எட்டியே நிற்க வேண்டும். எட்டி நிற்பதில் ஆய்வாளர்களுக்கு இன்னும் பயிற்சி போதவில்லை. அதுவரை மார்க்கெட்டில் காரட்டைக் காட்டிச் சமாளிக்கலாம் என்று ஒரு தாத்தா ஆலோசனை சொன்னார். ஊட்டி காரட் என்றால் சரி. அன்று வண்டியில் வந்திருந்தது டெல்லி காரட், அது சிவப்பு.